ஹம்தானின் மஞ்சள் ஜாக்கெட்

குயிலாப்பாளையத்திலிருந்து அருள்மொழி என்ற பெண் என் கடைக்கு வந்து, செத்துப்போன என் மகனின் ஜாக்கெட்டை மியூசியத்துக்குக் கேட்டாள். 2006 பிப்ரவரி. மரக்காணம் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் உப்புக் கூடையும் விற்கிறவன் நான். மியூசியத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

"ஹிப் ஹாப் பாடினவங்க மேடையில போட்ட டிரெஸ்ஸெல்லாம் சேர்த்து வைக்கிறோம் சார். ஹம்தானோட மஞ்சள் ஜாக்கெட் கண்டிப்பா வேணும். கண்ணாடிப் பெட்டிக்குள்ள நூறு வருஷம் அப்படியே இருக்கும்" என்றாள்.

நூறு வருஷமாம். ஹம்தான் இருந்ததே இருபத்து மூன்று வருஷம். போன ஜூனில் ஈ.சி.ஆரில் லாரி அடித்து மவுத்தானான்.

ஜாக்கெட் என்னிடம் இல்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் மவுத்தானவர் துணிமணியை இல்லாதவர்களுக்கு சதக்காவாகக் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஜாக்கெட்டை மட்டும் என் மனைவி மரியம் பீவி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். நான்தான் இழுத்தெடுத்து மூட்டையில் முதலில் திணித்தேன். கூத்தாடிச் சட்டை வீட்டில் எதற்கு என்று கத்தவும் செய்தேன். அவன் பாடிய எதையும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை, அவளையும் கேட்க விட்டதில்லை. மூட்டை உப்பளத்தில் வேலை செய்யும் ஆதிமூலத்துக்குப் போனது.

மறுநாள் விடிந்ததும் உப்பளத்துக்குப் போனேன். பனிக்கு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஆதிமூலம் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். கையெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. முதுகில் ஜிகினாத் துணியில் தைத்த 'மரக்காணம்' பாதி உதிர்ந்திருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும் போலிருந்தது. மியூசியத்துக்கு அல்ல, எனக்கு.

சதக்கா கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. விலை கொடுத்து வாங்கவும் கூடாது. மதரசாப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

"இன்னா பாய், இவ்ளோ தூரம்?"

"சும்மாதாம்பா."

"புள்ள ஞாபகமா? வேணும்னா எடுத்துக்குங்க பாய்." கழற்றவே ஆரம்பித்துவிட்டான்.

"டேய், போட்டுக்கோ. அது உன்னுது. ஒரு பொண்ணு வந்து கேக்கும். குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம்."

அருள்மொழி போய்க் கேட்டதும் கொடுத்துவிட்டான். பனிக்கு வேறு ஸ்வெட்டர் ஒன்று கேட்டானாம், அவ்வளவுதான்.

மியூசியம் திறப்பதற்கு முந்தின நாள் அருள்மொழி என்னையும் மரியம் பீவியையும் ஆதிமூலத்தையும் வரச் சொன்னாள். தலையில்லாத பொம்மை ஒன்றுக்கு ஜாக்கெட்டை மாட்டியிருந்தார்கள். மேலே விளக்கு.

"சார், மேடையில கையை மடிச்சு விட்டிருப்பாரா, இறக்கி விட்டிருப்பாரா? ஜிப் போட்டிருப்பாரா? கிடைச்ச போட்டோவெல்லாம் இருட்டா இருக்குது. அப்பா நீங்க சொன்னா சரியா இருக்கும்."

மரியம் பீவி என்னைப் பார்த்தாள். பெற்றவனுக்குத் தெரியாது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"வலது கை மட்டும் முட்டி வரைக்கும் மடிச்சிருப்பான்மா" என்றான் ஆதிமூலம். "மைக் புடிக்கிற கை. ஜிப்பு போட மாட்டான். காலரைத் தூக்கி விட்டுக்குவான்."

அவள் அப்படியே செய்தாள். மரியம் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஆதிமூலத்தை ஓரமாக அழைத்துக் கேட்டேன். "நீ எங்க பார்த்தேப்பா?"

"பொங்கல் விழாவுலதான் பாய். உங்க கடைக்கு நேர் எதிர்ல மேடை போட்டிருந்தாங்க. உங்களப் பார்த்துக் கையக் காட்டிட்டுத்தான் பாட ஆரம்பிச்சான். நீங்க ஷட்டரை இறக்கிட்டுப் போயிட்டீங்க."

அவன் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னான். இறக்கியது நிஜம். பாதித் தெருவரை ஹம்தானின் குரல் என் பின்னாலேயே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.