பதினோராம் படி

பாலத்தக்கா என்ற பட்டம் சட்டமன்றத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் அவர் வெறும் நர்சம்மா. வேலையை விட்டுத் தேர்தலில் நின்றபோது, "ஊசி போடுற கைக்கு ஓட்டுப் போடாம இருக்க முடியுமா, அப்புறம் வலிக்கிற மாதிரி போட்டுட்டா?" என்று ஊரே சிரித்துக்கொண்டு ஓட்டுப் போட்டது. அதற்கப்புறம் தோற்கவே இல்லை. நாலு தடவை ஜெயித்து, நடுவில் ஒரு சபை ஒரே வருஷத்தில் கலைந்துபோக, பதினாறு பட்ஜெட் பார்த்து, பதினாறிலும் ஒரே பேச்சைப் பேசினார்.

"ஆற்றின் அகலம் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அந்தக் கரையில் ஏழு ஊர். இந்தக் கரையில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி. நடுவில் ஒரு படகு." இப்படித்தான் ஆரம்பிக்கும். எழுந்து "ஆற்றின்" என்று சொன்னவுடனேயே பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த மரக்கடைக்காரருக்கு அதில் தனி சந்தோஷம். அக்கா மூச்சு வாங்க நிறுத்தும் இடமெல்லாம் அவருக்கு அத்துப்படி. சரியாக அங்கே, "அக்கா, பாலம் வர்றதுக்குள்ள ஆறு வத்திடும்!" என்று ஒரு கத்து. சபை சிரிக்கும். பொதுப்பணி அமைச்சர் எழுந்து, "உறுப்பினரின் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லிவிட்டு உட்காருவார். அமைச்சர்கள் மாறினார்கள், ஆட்சி மாறியது, பரிசீலனை மட்டும் மாறவில்லை.

அக்கா எதற்கும் அசரவில்லை. பாலம் வேண்டும், அவ்வளவுதான். பதவி, கார், மாலை எல்லாம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். குழுக்களில் போட்டார்கள், போனார். கட்சியின் துணைக் கொறடா ஆக்கினார்கள், ஆனார். எந்தக் குழுவில் போட்டாலும் மூன்றாவது கூட்டத்துக்குள் பேச்சு பாலத்தில் வந்து நிற்கும். நூலகக் குழுவில்கூட, "அந்தக் கரை ஆளுங்க புத்தகம் எடுக்க எப்படி வருவாங்க?" என்று கேட்டவர் அவர்.

ஐந்தாம் தடவை ஜெயித்து வந்ததும் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைத்தது.

"அக்கா, இந்தத் தடவை உங்களை அவைத் தலைவர் ஆக்கலாம்னு இருக்கோம். உங்களை விட்டா வேற யாருக்கு அந்தத் தகுதி இருக்கு?"

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷம் அரசியல் செய்தவர்களெல்லாம் வரிசையில் நிற்க, நாற்காலி தேடி வருகிறது. இனிமேல் அமைச்சர் எப்படி நழுவுகிறார் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினார்.

வீட்டில் அவர் கணவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் தையற்காரர். அளவு எடுக்காமல் எதையும் நம்பாத மனுஷன்.

"சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டாங்களே. எங்கயாவது பிடிச்சுத் தச்சிருப்பாங்க, பாரு."

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான் போங்க."

பிடித்துத் தைத்த இடம் பதவியேற்ற மறுநாளே தெரிந்தது. அவைச் செயலர் ஒல்லியான மனிதர், இருபத்தாறு வருஷ சர்வீஸ், விதிப்புத்தகத்தைத் தவிர வேறெதற்கும் முகம் மலராதவர். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பாடம் எடுத்தார்.

"தலைவர் மணி அடிக்கலாம், மேடம். உட்காரச் சொல்லலாம். வெளியே அனுப்பலாம். ஏதாவது ஒரு வார்த்தை தப்புன்னு பட்டா அவைக் குறிப்பிலேர்ந்து நீக்கலாம். நீக்குன இடத்துல மூணு புள்ளி வரும். ஒரு வார்த்தை நீக்கினாலும் மூணு புள்ளி, ஒரு பக்கம் நீக்கினாலும் மூணு புள்ளி. அது இந்த அவையோட வழக்கம். விவாதத்துல மட்டும் பேசக்கூடாது."

"எதைப் பத்தியும் பேசக்கூடாதா?"

"எதைப் பத்தியும்."

"பாலத்தைப் பத்தி?"

செயலர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அதுக்காகத்தான் உங்களை இங்க உட்கார வச்சிருக்காங்கன்னு வெளியில பேச்சு, மேடம். நான் எதுவும் சொல்லல."

அக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. பதினாறு வருஷம் வாயை மூடாதவரின் வாயைச் சட்டப்படி, மாலை மரியாதையோடு கட்டிப்போட்டுவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கணவர் சாப்பாட்டை மூடிவைத்தார். "தையலைப் பிரிக்கணும்னா ராஜினாமா பண்ணணும்" என்று மட்டும் சொன்னார். யோசித்துப் பார்த்தார் அக்கா. ராஜினாமா செய்தால் இன்னொரு பேச்சுப் பேசலாம். பதினேழாவது பேச்சு. பதினாறில் நடக்காதது பதினேழில் நடந்துவிடுமா?

சரி, உட்கார்ந்த நாற்காலியில் ஒழுங்காகவாவது உட்காருவோம் என்று முடிவு செய்தார். ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று விதியில் இருந்தது. யாரும் மதித்ததில்லை. அக்கா மதிக்கவைத்தார். தன் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், சொந்தக்காரர் யாராயிருந்தாலும் மூன்றாவது நிமிஷம் முடிந்தால் மணி. ஒரு தடவை முதல்வருக்கே அடித்துவிட்டார். வாக்கியத்தின் நடுவில் முதல்வர் வாயைத் திறந்தபடி நின்ற படம் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

மரக்கடைக்காரர் தாழ்வாரத்தில் வழிமறித்தார். "என்னக்கா, நீங்க மேல ஏறுனதும் சபையே உப்புச்சப்பில்லாம போச்சு. நான் யாரைப் பார்த்துக் கத்துறது?"

கேட்டுவிடலாமா என்று அக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீங்களாவது ஒரு வார்த்தை பாலத்தைப் பற்றிப் பேசுங்களேன். கேட்கவில்லை. தலைவர் ஒரு உறுப்பினரிடம் அப்படிக் கேட்டால், நாளைக்கு அவருக்கு மணி அடிக்கும்போது கை தயங்கும். "உள்ள போய் உட்காருங்க, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

பொதுப்பணித் துறை மானியக் கோரிக்கையின் மேல் விவாதம் வந்தது. வேலைப் பட்டியலை முதல் நாளே அக்காவின் மேஜையில் வைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு வேலை. ரோடு, கால்வாய், அமைச்சரின் ஊரில் ஏற்கெனவே இருக்கிற ரவுண்டானாவுக்கு நடுவில் ஒரு நீரூற்று. பாலம் இல்லை. முன்பெல்லாம் 'பரிசீலனையில்' என்று கடைசிப் பக்கத்திலாவது இருக்கும். கேட்க ஆளில்லை என்றதும் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்று இப்படியே நிறைவேறினால் அடுத்த ஐந்து வருஷத் திட்டத்திலும் இடம் கிடையாது. அதை நிறைவேற்றி வைக்கப்போவதும் அக்காதான், தன் வாயால்.

மரக்கடைக்காரரின் முறை வந்தது. அவர் தொகுதியில் சாக்கடைப் பிரச்சினை. கையில் குறிப்போடு எழுந்தார். குறிப்பைப் பார்த்தார், மேலே நாற்காலியைப் பார்த்தார், குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"தலைவர் அவர்களே. ஆற்றின் அகலம் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர்."

டீக்குக் கிளம்பிய இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அக்காவின் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அந்தக் கரையில ஏழு ஊர். இந்தக் கரையில ஒரே ஒரு ஆஸ்பத்திரி. நடுவில ஒரு படகு." அச்சு அசலாக அக்காவின் பேச்சு. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் மூச்சு வாங்கினார். அந்த இடத்தில் கத்துவதற்கு ஆள் இல்லை, கத்துகிறவர்தான் பேசிக்கொண்டிருந்தாரே. எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள், மழைக்காலத்தில் எத்தனை நாள் படகு நிற்கும், எல்லாம் புள்ளி பிசகாமல் வந்தது. பதினாறு வருஷம் கிண்டல் செய்ய வேண்டும் என்பதற்காகவே கவனமாகக் கேட்டவர் ஆயிற்றே!

செயலர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். சபை முழுக்க அக்காவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று நிமிஷம். முழுப் பேச்சுக்குப் பத்து நிமிஷமாவது வேண்டும். அக்காவுக்கு அழுகை வந்தது. மணியை அடித்தார்.

மரக்கடைக்காரர் பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தார். முகத்தில் வருத்தமில்லை. அவர் உட்கார்ந்த கையோடு ஆளுங்கட்சி வரிசையில் மருந்துக்கடை அம்மா எழுந்தார். அவருக்குப் பேச வேண்டியது மார்க்கெட் கூரை பற்றி. "தலைவர் அவர்களே," என்று விட்ட வாக்கியத்தின் அடுத்த பாதியைப் பிடித்தார்.

பேச்சின் முக்கியமான இடம் அவர் பங்குக்கு வந்தது. வெள்ளத்தன்று நடந்தது. அந்தக் கரையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. இந்தக் கரையில் படகுத்துறைப் படியில் நர்சம்மா பையோடு நின்றாள். காலை பதினொரு மணியிலிருந்து நாலு மணி நேரம் நின்றாள். அவள் வந்தபோதே பத்தாம் படி நனைந்து, படகைக் கட்டிப்போட்டிருந்தார்கள்; தண்ணீர் அங்குலம் அங்குலமாக ஏறியது. அதை எண்ணுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. அந்தக் கரையில் அந்தப் பெண்ணின் புருஷன் துண்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பதினோராம் படியைத் தண்ணீர் தொட்டபோது துண்டு நின்றுவிட்டது. துண்டைப் பற்றி அக்கா எந்தப் பேச்சிலும் சொன்னதில்லை, சொல்ல வராது. படிக்கணக்கை மட்டும் சொல்வார்.

"தண்ணி ஒன்பதாம் படிக்கு ஏறிடுச்சு," என்றார் மருந்துக்கடை அம்மா.

பொதுப்பணி அமைச்சர் துள்ளி எழுந்தார். இப்படி ஒரு பிடிக்காகத்தான் காத்திருந்தார். "தலைவர் அவர்களே, பத்தாம் படியில தண்ணி வந்தாத்தான் படகை நிறுத்தணும்னு விதி. ஒன்பதாம் படின்னா படகு ஓடியிருக்கணும். படகோட்டி வேலைக்கு வராததுக்கெல்லாம் அரசாங்கம் பாலம் கட்ட முடியுமா?"

ஆளுங்கட்சி வரிசையில் இரண்டு பேர் மேஜையைத் தட்டினார்கள்.

"பதினொண்ணு!"

மைக்கில் இடிபோலக் கேட்டது. யார் கத்தியது என்று எல்லோரும் திரும்பினார்கள். செயலரின் பேனா கீழே விழுந்து உருண்டது. அப்போதுதான் அக்காவுக்கே தெரிந்தது, கத்தியது தான் என்று.

அமைச்சருக்கு வாயெல்லாம் பல். "ஒரு ஒழுங்குப் பிரச்சினை. தலைவர் விவாதத்துல பேசலாமா?"

அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பொய் சொல்ல ஒன்றுமில்லை. "பேசக்கூடாது. பேசினது என் தப்பு. அந்த வார்த்தை அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுது." சொல்லிவிட்டு மருந்துக்கடை அம்மாவைப் பார்த்து, "உங்க நேரமும் முடிஞ்சுது, உட்காருங்க" என்று மணி அடித்தார்.

தன் வாயாலேயே அதை அழித்தாயிற்று. அக்கா பட்டியலைக் கையில் எடுத்தார்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அங்கே இருந்தவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு தடவை ஜெயித்தும் சபையில் ஒரு வார்த்தை பேசாதவர். அவர் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் வெளியே போக வழிவிட்டார். ஊமைக்கோட்டான் போகவில்லை. மைக்கை எப்படிப் போடுவது என்று தெரியாமல் தடவி, ஒருவழியாகப் போட்டார்.

"தலைவர் அவர்களே. பதினொண்ணு."

உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவருடைய கன்னிப் பேச்சு. இதை நீக்க முடியாது, அவர் உறுப்பினர். மரக்கடைக்காரர் மேஜையை ஓங்கித் தட்டி, "பதினொண்ணு!" என்றார். மருந்துக்கடை அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பதினொண்ணுதான், நான்தான் தப்பா சொல்லிட்டேன்!" என்று கூவினார். அப்புறம் அந்தக் கட்சி இந்தக் கட்சி என்றில்லை. பதினாறு வருஷம் காது புளிக்கக் கேட்டவர்கள் எல்லோருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. சபையே கத்தியது. ஒழுங்கு, ஒழுங்கு என்று அக்கா மணியை அடித்துக்கொண்டேயிருந்தார், யார் கேட்டார்கள்?

முதல்வர் அமைச்சர் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னார். அமைச்சர் எழுந்தார். பழக்கதோஷத்தில் "பரி" என்று ஆரம்பித்து, இருமி, "இந்த வருஷப் பட்டியல்லயே பாலம் சேர்க்கப்படும். நீரூற்று தள்ளிவைக்கப்படும்" என்றார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. "திருத்தத்தோடு மானியம் நிறைவேறியது" என்று தட்டையான குரலில் படித்துவிட்டுச் சபையை ஒத்திவைத்தார்.

பத்து நாள் கழித்து அன்றைய அவைக் குறிப்பு அச்சாகி வீட்டுக்கு வந்தது. கணவர் கை வேலையை வைத்துவிட்டு, விரலை நாக்கில் தொட்டுப் புரட்டிப் பார்த்தார்.

"மரக்கடைக்காரர் ரெண்டு பக்கம். மருந்துக்கடை அம்மா ஒண்ணரைப் பக்கம். பேசாத ஆளு ஒரு வரி. பதினாறு வருஷம் தொண்டை கிழியக் கத்துனவ நீ. பாலம் வந்த அன்னைக்கு உன் பேச்சு ஒண்ணையும் காணோமே?"

"இருக்கு. அமைச்சர் பேசினதுக்குக் கீழ பாருங்க. 'தலைவர்'னு போட்டு மூணு புள்ளி இருக்கும். அதான் நான்."

அவர் பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். துணியில் தையல் எண்ணுவதுபோல் ஊசிமுனையை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினார். ஒரு தடவை எண்ணிவிட்டு, நம்பாமல் மறுபடி எண்ணினார்.

"மூணு இல்லையே," என்றார். "உங்க செயலர் பதினொண்ணு வச்சிருக்காரு."

அக்கா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, பதினாறு வருஷத்துக்கும் சேர்த்து அழுதார்.