ஆறாவது அலசல்

தோல் வங்கியில் அவளுக்கு நுரைக்காரி என்று பட்டப்பெயர். வைத்த புண்ணியவான் மேலாளர்தான்.

இறந்தவர்கள் தானம் தந்த தோலைச் சோப்புக் கரைசலில் ஊறவைத்து, உயிரணுக்களை நீக்கி, வெறும் நார்த் தாளாக்குவது அங்கே வேலை. அதை நோயாளிக்கு வைத்துத் தைத்தால், அவருடைய சொந்த உயிரணுக்கள் வந்து குடியேறும். சோப்பு மிச்சமிருந்தால் எது குடியேறும்? அதற்காகத்தான் உப்புத்தண்ணீரில் ஆறு அலசல். கடைசியில் ஒரு துண்டைக் குப்பித் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, நுரை வருகிறதா என்று பார்ப்பாள்.

அந்தப் புண்ணியவான் மேலாளர் இன்று ஆறை மூன்றாக்கிவிட்டார். அவசரமாம். நாளை ஒரு பெண்ணுக்கு அறுவை சிகிச்சை. தீக்காயத்தில் மோவாய் நெஞ்சோடு ஒட்டிப்போய், இரண்டு வருடமாகத் தலை நிமிராதவள். இந்தத் தோலும் பிடிக்காவிட்டால் பழைய கதைதான்.

குப்பியில் விரல் உயரத்துக்கு நுரை நின்றது.

"நுரை வருது சார்."

"அதுக்குத்தான் கதிர்வீச்சைக் கூட்டி வெச்சேன். எல்லாக் கிருமியும் செத்திருக்கும்."

"கிருமி சாகும், சோப்பு சாகுமா? நீங்க கூட்டினதுல நாரும் மொடமொடன்னு ஆயிடுச்சு. தையல் போட்டா கிழியும்."

"டாக்டர் நீயா, நானா?"

"ரெண்டு பேருமே இல்ல சார்."

அவர் முகம் சிவந்தது. "தோல் பெட்டியோட போற சீட்டுல கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

அவளுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இல்லாமலா? ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பேனாவை எடுத்தாள். குனிந்து எழுதினாள். வழிக்கு வந்துவிட்டாள் என்ற திருப்தியில் மேலாளர் படிக்காமலே கீழே தன் கையெழுத்தைக் கிறுக்கிப் பெட்டியை அனுப்பினார். சீட்டை வரிவரியாகப் படிக்காமல் எந்த மருத்துவமனையும் பெட்டியை வாங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. கேட்டுவிட்டு வந்த மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

"கையெழுத்து இடத்துல 'நுரை வருது, வைக்காதீங்க'ன்னு எழுதியிருக்கியா?"

"உள்ளதை எழுதினேன். கீழ நீங்களும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அறுவையை ஒரு வாரம் தள்ளி வெச்சுட்டாங்க. புதுத் தோல் வேணுமாம்."

அவள் கிளம்பத் தயாராகத் தோளில் மாட்டியிருந்த கைப்பையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஆறு அலசல் சார். அஞ்சுன்னு சொன்னாலும் கிளம்பிடுவேன்."

மேலாளர் எழுந்து போய் உப்புத்தண்ணீர்க் கேனைத் தானே தூக்கி வந்தார்.