முப்பத்தோராவது தாள்

உங்கள் வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோ நீங்கள் கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது? யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால் நீங்களும் கையெழுத்துக் கட்சிதான்.

கையெழுத்து என்பது ஓர் ஆள். படப்பிடிப்புத் தளத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சினிமாவில் யார் கடிதம் எழுதினாலும், யார் உயில் எழுதினாலும், திரையில் தெரியும் எழுத்து அவருடையது. இப்போது எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பழைய காதல் நாவல். எழுபது வருஷமாகத் தலையணைக்கடியில் வைத்துப் படிக்கப்பட்டது. அதில் கதாநாயகன் எழுதும் கடிதம் பாதிப் பேருக்கு மனப்பாடம். கதாநாயகி அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவாள்.

டேக்குக்கு ஒன்று கிழியும் என்பதால் கையெழுத்து முப்பது பிரதி எழுதினார். மைச்சொட்டுகூட எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். எழுதியதைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி, எழுத்து உள்ளே போகிற மாதிரி மடித்து, செட்டின் ஓரத்தில் கட்டிய கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தால் எழுபது வருஷப் பழசு ஒரே நாளில் தயார்.

அவர் மனைவி மூன்று மாதமாக அண்ணன் வீட்டில் இருந்தாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. "ஊருக்கெல்லாம் லவ் லெட்டர் எழுதுறீங்க. எனக்கு நாலு வரி எழுதிக் கூப்பிடுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள், கையோடு எடுத்துப் போனது ஒரு பெட்டி, அப்புறம் அதே நாவல்.

முப்பது எழுதிய சூட்டோடு கையெழுத்து முப்பத்தோராவது தாளை எடுத்தார். ஒரு மணி நேரம் பேனாவைப் பார்த்தார். பிறகு எழுதினார்:

‘சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ இருந்தபோதும் ஒழுகியது, ஆனால் சத்தம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறது. வா.’

எழுதி முடித்ததும், பழக்க தோஷம், அதையும் தேயிலைத் தண்ணீரில் முக்கி, மடித்து, கொடியில் மாட்டிவிட்டார். மறுநாள் கடைசியாகத் தொங்கியதை எடுத்துப் பிரிக்காமலே உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தார். இடையில் செட்காரர்கள் ஏணி கொண்டுபோக இடமில்லை என்று தாள்களைக் கழற்றி மாற்றி மாட்டியது அவருக்குத் தெரியாது.

மூன்று நாள் கழித்து அந்தக் காட்சி. பதினாறு கடிதம் கிழிந்தும் இயக்குநருக்குத் திருப்தி இல்லை.

"பதினேழாவதுக்கு வாய்விட்டுப் படிம்மா. அப்பவாவது ஏதாவது வருதான்னு பார்ப்போம்."

கதாநாயகி தாளைப் பிரித்தாள். சற்றுத் தயங்கினாள். படித்தாள். குழாய், சத்தம், வா. காமிராவுக்குப் பின்னால் நின்ற கையெழுத்து ஓரடி முன்னால் வந்தார். அவள் கிழிக்கவில்லை. மறுபடி மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் கட் சொல்ல மறந்து, தாமதமாகச் சொன்னார். "யாருய்யா எழுதினது?"

கையெழுத்து வாயைத் திறப்பதற்குள் உதவி இயக்குநர் முந்திக்கொண்டான். "நான்தான் சார். சும்மா ஒரு முயற்சி."

"இதுதான்யா காதல். அந்தப் பழைய லெட்டரைத் தூக்கு."

"சார், கதை நடக்குற காலத்துல வீட்டுக்குள்ள குழாய் ஏது?" என்றார் ஒளிப்பதிவாளர்.

"கூரை ஒழுகுதுன்னு மாத்திக்கலாம். இதெல்லாம் ஒரு பிரச்னையா?"

பாராட்டு உதவி இயக்குநருக்குப் போனது. கையெழுத்துக்கு அது உறைக்கவே இல்லை. தன் கடிதம் இங்கே இருக்கிறது என்றால் தபாலில் போனது எது என்ற கணக்கு மட்டும் மண்டைக்குள் ஓடியது.

சாயங்காலம் சமையலறையில் நின்றபோது போன் வந்தது.

"லெட்டர் வந்துச்சு" என்றாள் மனைவி.

"ம்."

"‘உன் மௌனம்கூட எனக்கு ஒரு முகவரிதான்.’ நூத்திப் பன்னெண்டாம் பக்கம். என்கிட்டயே இதை அனுப்புறீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கா?"

"அது மாறிப் போயிடுச்சு. நான் எழுதினது வேற."

"நீங்களா எழுதினீங்களா?" அவள் குரல் சட்டென்று இறங்கியது. "என்ன எழுதினீங்க?"

காலையில் ஊரே கேட்ட வரிகள். நாக்கு நுனி வரை வந்தன.

"குழாய் ஒழுகுதுன்னு எழுதினேன்."

"அப்புறம்?"

வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"சரிங்க" என்று அவள் போனை வைத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு பிளம்பர் வந்தார். வீட்டம்மா போன் பண்ணிச் சொன்னதாகச் சொன்னார். வாஷரை மாற்றினார். ஒழுகல் நின்றது.