கிடப்பில் போட்ட சட்டம்

சட்டமன்றத்துக்கு வருவதற்கு முன் அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். தொகுதியில் இன்றும் நர்சக்காதான். சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கி, வாயில் நுரை தள்ளி வந்தவர்களை எத்தனையோ முறை பார்த்தவள். தொட்டிக்குள் ஆளை இறக்கினால் முதலாளிக்குச் சிறை என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தாள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லோரும் கை தூக்கினார்கள். ஆளுநர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவர் கையெழுத்தும் போடவில்லை. குறை சொல்லித் திருப்பியும் அனுப்பவில்லை. கோடை போய் மழை வந்தது. ஒரு காலையில் பட்டறைத் தொட்டியிலிருந்து ஒருவனைப் பிணமாகத் தூக்கினார்கள்.

அவன் மனைவி நர்சக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சட்டம் வரப்போகுது, இனிமே யாரும் சாக மாட்டாங்கன்னு சொன்னீங்களேக்கா?"

அந்த வாரமே நர்சக்கா அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆளுநர் மாளிகைக்குப் போனாள்.

ஆளுநர் தேனொழுகப் பேசினார். "பரிசீலனையில இருக்கும்மா. இத்தனை நாளுக்குள்ள போடணும்னு எங்கயும் எழுதலையே."

"தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்துறோம். இப்படி அமுக்கி வச்சுக்கிட்டா எப்படிங்க?"

"நான் என் மனசாட்சிக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்."

கூட வந்த அந்தப் பெண் கேட்டாள்: "ஐயாவுக்கு யாருங்க ஓட்டுப் போட்டது?"

"யாரும் போடலைம்மா. என்னை நியமிச்சாங்க."

"அப்ப என் வீட்டுக்காரர் செத்ததுக்கு நான் யாரைப் போய்க் கேக்குறது?"

ஆளுநர் மணியை அழுத்தினார். உதவியாளர் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

நர்சக்கா வழக்குப் போட்டாள். ஒப்புதல் கொடு, இல்லையென்றால் திருப்பி அனுப்பு, கிடப்பில் போடாதே என்றது நீதிமன்றம். காரணம் ஏதும் சொல்லாமல் ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் ஒரு புள்ளிகூட மாற்றாமல் மறுபடி நிறைவேற்றியது. இரண்டாம் முறை நிறைவேறியதை மறுக்க வழியில்லை என்றானபிறகு ஆளுநர் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் சட்டம் அன்றிலிருந்துதான் செல்லும். நடந்துபோன சாவுக்குப் பொருந்தாது. பட்டறை முதலாளி அபராதம் கட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு போனார்.

சட்டம் வந்ததற்கு ஆளுநர் மாளிகையில் விழா எடுத்தார்கள். தொழிலாளர் நலனில் தமக்குள்ள அக்கறையைப் பற்றி ஆளுநர் பேசத் தொடங்கியதும் நர்சக்கா எழுந்தாள்.

"உங்க அக்கறைக்கு நடுவுல ஒருத்தன் செத்தான். அவன் பேராவது தெரியுமா உங்களுக்கு?"

ஆளுநர் உதவியாளரைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

நர்சக்கா அங்கே நிற்கவில்லை. மசோதாக்களில் கையெழுத்துப் போட ஆளுநருக்குக் காலக்கெடு கேட்டு ஒரு சட்டமன்றத் தீர்மானத்தை அன்றே எழுத உட்கார்ந்தாள்.