விடிஞ்சாச்சா?

மகளைக் கண்விழித்த நிலையில் பார்த்து ஓட்டுநருக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது. வெளியூர் போய்விட்டானா என்றால் அதுவும் இல்லை. அதே வீட்டில், அவளுக்கு ஒரு சுவர் தள்ளித்தான் படுத்து எழுந்தான். அநியாயத்தைப் பாருங்கள்!

நகரப் பேருந்தில் அவனுக்கு இரண்டாகப் பிளந்த வேலை. விடிகாலை நாலே முக்காலுக்கு முதல் நடை, பத்து மணி வரை ஓட்டம். மறுபடி மதியம் இரண்டரை முதல் ராத்திரி ஏழரை வரை. பகல் நெரிசலில் வீட்டுக்குப் போய்வரவே இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பதால் இடைவேளையில் பணிமனை பெஞ்சிலேயே கட்டையைச் சாய்த்துவிடுவான். போதாததற்கு ஆள் பற்றாக்குறை என்று இந்த மாத வார விடுப்புகளையும் ரத்து செய்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் இதில் ஒரு குறையும் இருக்கவில்லை. மகள் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் மதியம் சாப்பிட்டதும் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். அதனால் ராத்திரி ஒன்பது வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். அம்மா தையற்கடையில் வேலை செய்கிறவள் என்பதால் மகளுக்கு வீட்டில் பட்டன் என்று பேர். எட்டு மணிக்கு அப்பாவின் ஷூ சத்தம் கேட்டதும் பட்டன் பாய்ந்து வந்து அவன் மடியில் ஏறுவாள். அவன் கால்கள்தான் பேருந்து, மூக்குதான் ஹாரன். அமுக்கினால் அவன் "பாம்" என்று கத்த வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவன் நாள் முழுக்க வண்டி ஓட்டினான் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு அவளுக்கு இரண்டே முக்கால் வயதாயிற்று, காப்பகத்தில் பெரிய பிள்ளைகள் அறைக்கு மாற்றினார்கள். அங்கே பாய் கிடையாது, மதியம் களிமண்ணும் கலர் பென்சிலும்தான். விளைவு? ஆறரைக்கே வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சாமியாடினாள். ஏழுக்குத் தூங்கிப்போனாள். காலையில் நாலு மணிக்கு "விடிஞ்சாச்சா?" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு நாள் அவனுக்கு ஏகக் கொண்டாட்டம். ஒரு கையில் மகள், ஒரு கையில் டீ. ஆனால் அவன் கிளம்பிப் போன பிறகு அவளைத் தூங்க வைக்க மனைவியால் முடியவில்லை. தூக்கம் கெட்ட கண்ணோடு கடைக்குப் போய், ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கையைத் தைத்து வைத்தாள். கடைசியில் காப்பகத்து டீச்சரிடம் யோசனை கேட்டாள்.

"ஆறு மணி வரைக்கும் லைட் போடக் கூடாதாம். நீங்க முகத்தைக் காட்டவே கூடாதாம். உங்களைப் பார்த்தா அவ எங்க தூங்குவா?" என்றாள் மனைவி. "ரெண்டே வாரம். கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கங்க."

சொந்த வீட்டிலேயே திருடனாகிப் போனான் ஓட்டுநர். கையில் ஷூ, இருட்டில் தடவி மாட்டிய சட்டை, பூனை நடை. சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் அதே பேச்சு.

"விடிஞ்சாச்சா?"

"இன்னும் விடியல. தூங்கு."

"விடிஞ்சாச்சாம்மா?"

"இல்ல கண்ணு. கண்ணை மூடு."

பிறகு அழுகை. பெரிய அழுகைகூட இல்லை, சன்னமான விசும்பல். அவன் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்பான். ஓடிப்போய் அள்ளிக்கொள்ளத் தோன்றும். மணி நாலேகால் ஆகிவிடும்.

"என்னண்ணே, ரெண்டு ஸ்டாப்பை விட்டுட்டீங்க! வண்டி ஓட்டுறீங்களா, கனவு காணுறீங்களா?" என்று கத்தினான் நடத்துநர்.

"எம் பொண்ணு என் முகத்தையே மறந்துடுவா போலருக்குடா."

"முகத்தை மறந்தாலும் அந்த மூக்கை எவனாலண்ணே மறக்க முடியும்?"

வண்டியே சிரித்தது. அவனும் சிரித்து வைத்தான். ஆனால் அந்தப் பயம் போகவில்லை. அந்த வயதுக்குப் பதினோரு நாள் என்பது சின்னக் காலமா?

பன்னிரண்டாம் நாள் வண்டியின் பிரேக்கில் காற்று கசிந்தது. அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "இன்னைக்கு இது நகராது. வீட்டுக்குப் போய்ச் சேரு." அந்த மனிதருக்கு ஆயுசு நூறு! ஒரு மணிக்கெல்லாம் ஓட்டுநர் காப்பகத்துக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பட்டன் களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாய் வரவில்லை. யாரோ என்று டீச்சர் பின்னால் ஒளிந்துகொண்டால்?

அவள் நிமிர்ந்தாள். களிமண் கீழே விழுந்தது.

"விடிஞ்சாச்சு!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

மற்ற பிள்ளைகள் கெக்கலித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு. "மணி ஒண்ணாச்சு பட்டன்! உனக்கு இப்பதான் விடிஞ்சுதா?"

"ஆமா," என்றாள் அவள், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு. "விடிஞ்சா அப்பான்னு அம்மா சொன்னாங்க. அப்பா வந்தாச்சு. விடிஞ்சாச்சு."

டீச்சரின் சிரிப்பு நின்றுபோனது. ஓட்டுநர் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். நாலு மணிக்கு அவள் பொழுதையா கேட்டாள்? ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவனையல்லவா கேட்டுக்கொண்டிருந்தாள்! அவன் தோளிலேயே அவள் தூங்கிப்போனாள். குலுங்குமே என்று பேருந்து ஏறாமல் வீடு வரை நடந்தே வந்தான்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நான்தாங்க சொன்னேன். ராத்திரி உங்களைக் கேட்டு அழுவா. விடிஞ்சா அப்பா, தூங்குன்னு சொல்லி வச்சேன். அப்புறம் நானே தினமும் விடியலன்னு சொல்லியிருக்கேன் பாருங்க."

மறுநாள் வண்டி சரியாகிவிட்டது. அதே முதல் நடை. நாலு மணிக்கு அவன் ஷூவைக் கையில் எடுத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"விடிஞ்சாச்சா?"

மனைவி பதில் சொல்லவில்லை.

அவன் ஷூவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். லைட் போடவில்லை. இருட்டில் குனிந்து, தேடி வந்த சின்னக் கைக்குள் தன் மூக்கைக் கொடுத்தான். அவள் ஒரு தடவை அமுக்கினாள்.

"பாம்," என்றான் மெல்ல. "விடிஞ்சாச்சுடா கண்ணு."

"சரி," என்றாள். மூக்கை விடாமலே தூங்கிப்போனாள். அந்த விரல்களைப் பிரிக்க அவனுக்கு மனசு வரவில்லை. மனைவி இரண்டு தடவை இடித்த பிறகுதான் எழுந்தான்.

முதல் நடை அன்றைக்கு எட்டு நிமிடம் தாமதம்.

"என்னண்ணே, லேட்டு?" என்றான் நடத்துநர்.

வெளியே கும்மிருட்டு. ஓட்டுநர் முகப்பு விளக்கைப் போட்டான்.

"எங்க வீட்ல இன்னைக்குத்தான்டா விடிஞ்சுது."