பதினோரு மீட்டர்

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்தில் நாற்காலி இருந்தது, உட்காரத்தான் முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நாலாவது தடவை எழுந்தபோது பக்கத்து மேசைக்காரி கேட்டே விட்டாள்.

"என்னடி, கால்ல சக்கரம் கட்டியிருக்கியா?"

"அண்ணன் இன்னைக்குத்தான் முதல் தடவை தனியா வேலைக்குப் போறான்."

"போகட்டுமே. நீ போட்ட மேப்தானே கூடப் போகுது?"

அதைக் கேட்டதும் தண்ணீர் குடிக்காமலே அவள் இடத்துக்குத் திரும்பினாள். ஏனென்று அப்போது தெரியவில்லை.

நடைபாதைகளில் பதித்திருக்கும் மஞ்சள் கற்களை மேப்பில் ஏற்றுவது அவள் வேலை. நீளவாக்கில் வரி ஓடும் கல் என்றால் நடக்கலாம். புள்ளி புள்ளியாகப் புடைத்த கல் என்றால் நிற்க வேண்டும். கண் தெரியாதவர்கள் தடியாலும் உள்ளங்காலாலும் அதைத் தடவிப் புரிந்துகொள்வார்கள். அந்த வரி எங்கே தொடங்குகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே பாதியில் அறுந்துபோகிறது என்று போன் அவர்கள் காதில் சொல்ல வேண்டும். அதற்காக ஒன்பது மாதம் தெருத்தெருவாக நடந்தாள். அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூதான் போடுவாள். தடித்த அடியோடு போனால் காலுக்குக் கீழே கல் இருப்பதே தெரியாது.

அவர்களுடைய திட்டத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் நூத்துக்கு நூறு. காலால் மிதித்துப் பார்த்த பாதை திரையில் மஞ்சளாக விழும். வண்டியோ குப்பையோ மறைத்து மிதிக்க முடியாமல் போன இடத்தைச் சாம்பல் நிறத்தில் விட வேண்டும். அவருக்குச் சாம்பலைக் கண்டாலே ஆகாது. "தொடக்க விழாவுக்கு முன்னால ஒரு சாம்பல்கூட என் கண்ணுல படக்கூடாது" என்று வாரம் தவறாமல் கத்தினார். மேப் யார் கண்ணுக்காகப் போடுகிறோம் என்று அவரைத் திருப்பிக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. இவளும்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு மேப் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. நூத்துக்கு நூறு விழா மேடையில் இருந்தார்.

அண்ணன் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன். ஆறு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் போன் எடுத்துப் பேசுகிற வேலை கிடைத்திருக்கிறது. தடி பிடித்துப் பழகியே நாலு மாதம்தான் ஆகிறது. போன மாதம் தனியாக மருந்துக் கடைக்குக் கிளம்பினான். மனசு கேட்காமல் அம்மா பத்தடி பின்னால் போயிருக்கிறாள். அம்மாவின் செருப்புச் சத்தம் அவனுக்குத் தெரியாதா? நடுவழியில் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்தவன், மூன்று வாரம் வாசல்படி தாண்டவில்லை. நேற்று சாப்பிடும்போது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான்: "நாளைக்கு யாராவது என் பின்னாடி வந்தீங்க, இந்த வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

சொன்னதைச் செய்கிற ஆள் அவன்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் திரையில் அவன் போகும் வழியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வீட்டுத் தெரு மஞ்சள். வங்கி முனை மஞ்சள். அதைத் தாண்டி, புதுக் கட்டிடம் எழும்புகிற தெருவும் மஞ்சள்தான். அளந்தவர் நடந்த தடத்தைக் காட்டும் பொத்தானைத் தட்டினாள். மீட்டருக்கு ஒன்றாக அவளுடைய காலடிகள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாக எழுந்தன. கோட்டின் மேலேயே வந்த புள்ளிகள், கட்டிடத்துக்கு முன்னால் வந்ததும் விலகிச் சாலையில் இறங்கி, பதினோரு மீட்டர் தள்ளி மறுபடியும் கோட்டில் ஏறியிருந்தன.

அவளுக்குச் சுரீரென்றது. நீலத் தார்ப்பாய். மணல் குவியல். இந்தப் பக்கம் உள்ளே போன வரிக்கல், அந்தப் பக்கம் அதே நேர்கோட்டில் வெளியே வந்தது. நடுவில் மட்டும் வேறென்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். கடைசி வாரம், கடைசிச் சாம்பல். விரலால் ஒரு இழுப்பு இழுத்து மஞ்சளாக்கிவிட்டாள்.

மணி ஒன்பது ஐந்து. அவசரமாக அந்த இடத்தைச் சாம்பலாக மாற்றினாள். 'தலைவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்று திரை நிதானமாகச் சொன்னது. தலைவரின் போன் அணைந்திருந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள், மணியே அடிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கிளம்பி அஞ்சு நிமிஷம் ஆச்சுடி. போய்ச் சேர்ற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் வராதபடி வச்சிட்டுத்தான் போனான். ஏன்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"நீ பின்னாடி கின்னாடி போய்த் தொலைக்காதே. சாமி, அவன் இப்பத்தான் வெளிய இறங்கியிருக்கான்."

போனை வைத்தாள். போனால் அண்ணன் வீட்டோடு முடங்கிவிடுவான். போகாவிட்டால் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் என்ன இருக்கிறதோ. பஸ் ஏறினாள். பஸ் சிக்னலில் நின்றது, அடுத்த சிக்னலிலும் நின்றது. நின்ற பஸ்ஸுக்குள்ளேயே முன்னாலும் பின்னாலும் நடந்தாள். பிறகு பொறுக்க முடியாமல் இறங்கி ஓடினாள். சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உள்ளவள் அவள். ஓடக்கூடாது என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

தார்ப்பாய் இல்லை. மணலும் இல்லை. அவை இருந்த இடத்தில் கற்களைப் பெயர்த்து, குழாய் பதிக்க இடுப்பாழத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. மேலே ஒரு ப்ளைவுட் பலகை. வேலைக்காரர்கள் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும், ஒருவரையும் காணோம். பலகையைத் தடியால் தட்டினால் கெட்டியாகத்தான் கேட்கும். ஓரத்தில் காலை வைத்து அழுத்தினாள். நனைந்து ஊறிய பலகை மளுக்கென்று உள்வாங்கியது.

வாய்விட்டுத் திட்டினாள். முதலில் கட்டிடக்காரனை, அப்புறம் நூத்துக்கு நூறை. திட்டி முடித்த பிறகு மிச்சம் இருந்தது அவள்தான்.

தட் தட்டென்று தடிச் சத்தம் கேட்டது. வங்கி முனையில் அண்ணன் திரும்பிக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நிமிர்ந்த தலை. இப்படி அவன் நடந்து பார்த்து எத்தனை வருஷமாயிற்று! பேசாமல் கம்பம் மாதிரி நின்றுவிடலாம் என்று முடிவு செய்தாள். தடி பட்டதும் விலகிப் போய்விடுவான், அவள் வந்தது தெரியாமலே போகட்டும். பலகைக்கு முன்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தடி அவள் ஷூவில் பட்டது.

"சாரிங்க" என்றான். ஒரு அடி எடுத்து வைத்தவன் நின்றுவிட்டான். பொத்திய கைக்குள்ளிருந்து அவள் மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷமா பக்கத்து ரூம்ல கேட்ட இரைப்பு" என்றான். "அம்மா அனுப்பிச்சாங்களா?"

"இல்லண்ணா."

"என்மேல நம்பிக்கை இல்ல. அவ்வளவுதானே?" அவன் முகம் தொங்கிப்போனது. தடியை மடக்க ஆரம்பித்தான். "சரி, வா. வீட்டுக்குப் போலாம்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தங்கைக்குப் பாசம், மனசு கேட்கவில்லை, ஓடி வந்துவிட்டாள் என்று இருந்திருக்கும். அவள் வேலைக்கும் பழுது வராது, பேருக்கும் பழுது வராது. அந்தப் பொய்யைத் தொண்டை வரைக்கும் கொண்டுவந்து மென்று முழுங்கினாள்.

"உன்மேல சந்தேகம் இல்லண்ணா, என்மேலதான். இந்த இடத்தை நான் மிதிக்கவே இல்ல. மிதிச்சதா போட்டுட்டேன். உனக்கு முன்னாடி பள்ளம் இருக்கு."

அவன் குனிந்து தடியை நீட்டி, பலகையின் ஓரத்தைத் தேடி அழுத்தினான். பலகை பாதியாக முறிந்து உள்ளே விழுந்தது.

"நேரே பதினோரு மீட்டர், தடையில்லைன்னு இப்பத்தான் காதுல சொல்லிச்சு" என்றான். "தெரியலைன்னு சொல்லியிருந்தா தட்டித் தட்டி வந்திருப்பேனேடி. இன்னும் எத்தனை இடம் இப்படி?"

"இது ஒண்ணுதான். சத்தியமா."

"ம்."

நம்பினானா இல்லையா என்று தெரியவில்லை. மடக்கிய தடியை மறுபடி நீட்டினான். "எந்தப் பக்கமா போகணும்?"

"இடது பக்கம் சுவரை ஒட்டி மூணடி இருக்கு. நான் தெருமுனை வரைக்கும்..."

"இந்த மேப்பை எனக்கு மட்டுமா குடுத்தீங்க?"

"இல்ல. எல்லாருக்கும்."

"எப்போலேருந்து?"

"காலைல ஆறு மணிலேருந்து."

"அப்ப நீ எங்க கிளம்பறே?"

அவளுக்கு முகம் சுட்டது. அண்ணன், அண்ணன் என்று ஓடி வந்தவளுக்கு, மூன்று மணி நேரமாக ஊரில் எத்தனை காதுகள் அந்தப் பதினோரு மீட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

அவன் சுவரைத் தட்டிக்கொண்டே பள்ளத்தைத் தாண்டினான். கையைப் பிடிக்கப் போனவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் வரிக்கல் தட்டுப்பட்டதும் திரும்பாமலே சொன்னான்: "சாயங்காலம் அஞ்சு மணிக்கு இந்த வழியாத்தான் வருவேன்." அப்புறம் வேகமாகவே நடந்து போனான்.

போன் அடித்தது. விழா முடிந்துவிட்டது போலிருக்கிறது, நூத்துக்கு நூறு. எடுப்பதற்குள் வங்கி முனையிலிருந்து இன்னொரு தடிச் சத்தம் வந்தது. கைப்பை மாட்டிய நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, காதில் போன் சொல்வதைக் கேட்டபடி, கொஞ்சமும் தயங்காமல் வேகமாக வந்துகொண்டிருந்தாள்.

இவள் தன் போனை அடிக்க விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே போனாள்.

"நில்லுங்க! பள்ளம் இருக்கு!"

அந்தப் பெண் சட்டென்று நின்றாள். "பள்ளமா? மேப்ல ஒண்ணும் சொல்லலையே?"

"மேப் தப்புங்க" என்றாள். "நான்தான் போட்டேன்."