முக்காலுக்கும் கொஞ்சம் குறைவு

புளியங்கரையில் வீட்டுக்குச் சராசரியாக மூன்று புள்ளி ஏழு பேர் வசிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பில் வந்துவிட்டது. வந்த பிறகு மாற்ற முடியுமா? ஒவ்வொரு வீடும் அந்தக் கணக்குக்கு வந்து சேர வேண்டியதாயிற்று.

சண்முகக்கனி வீட்டில் நான்கு பேர். அவள், புருஷன் வேல்ச்சாமி, மாமியார், மகள். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

“புள்ளி மூணு கூடுதலா இருக்கு. யார்கிட்ட எடுக்கட்டும்?”

மூன்று பேரும் சண்முகக்கனியைப் பார்த்தார்கள். ஒரு நொடி யோசிக்கக்கூட இல்லை, பாவிகள்.

“கையை எடுத்துராதீய சார், சமைக்கணும்,” என்றாள் மாமியார்.

“காலும் வேணும். தண்ணி எடுக்கப் போகணும்லா,” என்றான் வேல்ச்சாமி.

“அப்ப என்னத்ததான் எடுக்க?”

“சும்மா உக்காருவா, சிரிப்பா, மத்தியானம் கண்ணசருவா. அதையெல்லாம் எடுத்துக்கிடுங்க,” என்றாள் மாமியார்.

“சரியா வருது,” என்று அவர் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். நேரே பக்கத்து வீட்டு ஞானப்பூ அக்காவிடம் கொடுத்தார். அக்கா தனிக்கட்டை. பிள்ளைகள் திருப்பூரில். அவள் வீட்டில் இரண்டு புள்ளி ஏழு பேர் குறைந்தார்கள். அதை மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு என்று சண்முகக்கனி வீட்டையும் சேர்த்து ஒன்பது வீட்டிலிருந்து கொண்டுவந்து நிரப்பினார்கள். ஒன்பது வீட்டிலும் மருமகளிடமிருந்துதான் எடுத்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அன்றிலிருந்து சண்முகக்கனிக்கு உட்கார வரவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். நின்றுகொண்டே மகளுக்குத் தலை வாரினாள். ரேஷன் கடை வரிசையில், “இங்கதான் எடம் கெடக்குல்லா” என்று ஆட்கள் அவளுக்குள் பாதி நுழைந்து நின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய சிரிப்பு கேட்டது. தன் சிரிப்பைத் தானே ஒட்டுக்கேட்க வேண்டிய தலையெழுத்து! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் மாமியார் சுவரை எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

“ஐயோ, குடி முழுகிப் போச்சே! நம்ம புள்ளி மூணும் கீழத்தெரு புள்ளி மூணும் ஒரே தட்டுல முறுக்கு திங்குது!”

பெண்டாட்டி மாதக்கணக்கில் நின்றுகொண்டிருப்பது வேல்ச்சாமியின் கண்ணில் படவில்லை. தட்டு மட்டும் உடனே பட்டுவிட்டது.

“போ. போயி உன்னுதக் கூட்டிட்டு வா,” என்றான்.

சண்முகக்கனி போனாள். உள்ளே ஒன்பது பேருடைய மிச்சமும் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தன.

“வீட்டுக்கு வா,” என்றாள் தன்னுடையதைப் பார்த்து.

“எதுக்கு?” என்றது அது.

சண்முகக்கனி யோசித்தாள். மாவாட்ட வேண்டும். துணி துவைக்க வேண்டும். எதற்கும் இது தேவைப்படவில்லை.

“நான் அங்க இருந்தப்ப மட்டும் என்ன, ஒரு நாளாவது என்னைய நிம்மதியா உக்கார விட்டியா?” என்றது அது.

சண்முகக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. ஞானப்பூ அக்கா பாயைத் தட்டினாள்.

“உக்காரு தாயி. ஏ, எல்லாரும் கொஞ்சம் நகந்துக்கிடுங்க.”

மூன்று தெருவும் நகர்ந்தன. சண்முகக்கனியின் முழங்கால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் வேல்ச்சாமியின் குரல் கேட்டது. “ஏட்டி, எவ்வளவு நேரம்? இங்க மூணு பேருதான் இருக்கோம். புள்ளி ஏழு குறையுதுன்னு சார் வந்து நிக்காரு!”

“குறையட்டும்!” என்று கத்தினாள் சண்முகக்கனி.

பிறகு பக்கத்தில் இருந்த கீழத்தெருக்காரியிடம் திரும்பினாள். “இத்தன வருசமா ஒரே ஊருல இருக்கோம். உங்க பேரு என்னன்னு கேட்டதே இல்லையேக்கா,” என்றாள்.